கோட்டுக்காரர் சொன்னபடியே

அந்த நிதி ஆலோசனை அலுவலகத்தின் முன்பக்கத்தில் நான்கு கண்ணாடி அறைகள் இருந்தன. பின்பக்கம், காபி இயந்திரத்தைத் தாண்டி, காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒருக்களித்து நடந்து போனால் ஐந்தாவதாக ஓர் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. முன்னால் கோட்டு போட்டவர்கள் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். அந்த ஆலோசனைகளைப் பின்னறையில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவளை அலுவலகமே 'உள்ரூம்' என்று கூப்பிட்டது. "உள்ரூம்கிட்ட கேளு", "உள்ரூம் இன்னிக்கு லீவா?" என்று அறையின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டு பதினோரு வருடம் ஆகியிருந்தது. முதல் இரண்டு வருடம் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் வேலை கூடிவிட்டது. கோபப்படவும் நேரம் வேண்டுமே.

அவள் அங்கே சேர்ந்தது டைப் அடிக்க. அப்போது வயது இருபத்து மூன்று. கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு வருடத்தில் முடிந்தும் போயிருந்தது. அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவளுக்கு ஒரு சம்பளம் தேவைப்பட்டது. சேர்ந்த மூன்றாம் மாதம், முதல் கண்ணாடி அறையில் இருந்த கோட்டுக்காரர் ஒரு தம்பதிக்காக எழுதிய ஓய்வூதியத் திட்டம் டைப்புக்கு வந்தது. அதில் கணவருக்கு ஐம்பத்தெட்டில் ஓய்வு, அறுபத்தொன்றில் பணம் காலி. மனிதரை மூன்றே வருடத்தில் வழியனுப்பி வைத்திருந்தார் கோட்டுக்காரர். அவள் ஒரு எழுத்தும் மாற்றாமல் டைப் அடித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "சார், இவர் அறுபத்திரண்டில் என்ன சாப்பிடுவார்?"

கோட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுப் பின்னறைக்கு வந்து அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து தன் வரைவுகளைச் சரிபார்க்க அனுப்பினார். அதற்கடுத்த மாதத்திலிருந்து வரைவு வரவில்லை. வாடிக்கையாளர் நிரப்பிய படிவம் மட்டும் வந்தது.

கெட்ட மனிதர் இல்லை அவர். வெயில் கொளுத்தினாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். நல்ல கனமான குரல். "உட்காருங்க, நிதானமா பேசுவோம்" என்று அவர் சொன்னால் பாதிப் பேருக்கு அங்கேயே கவலை தீர்ந்துவிடும். சதவீதம் என்று வந்தால் மட்டும் அவருக்குத் தலை சுற்றும். அதற்குத்தான் உள்ரூம் இருந்தாள். மற்ற மூன்று கோட்டுகளும் விஷயம் தெரிந்து அவளிடமே படிவங்களைத் தள்ளின. அலுவலகம் செழித்தது. நான்கு பேரும் வருடா வருடம் கேடயம் வாங்கினார்கள். கேடயம் வாங்கும்போது பேசும் ஏற்புரைகளையும் அவளே எழுதிக்கொடுத்தாள், அவற்றில் ஒன்றுகூட அவளைக் குறிப்பிடவில்லை. தானே எழுதிய உரையில் தன் பெயரை எப்படிப் போடுவது என்று கூச்சம்.

இதற்கு நடுவில் அவள் ஆலோசகருக்கான தேர்வுகள் எழுதினாள். ஐந்து தேர்வு, ஐந்திலும் முதல் தடவையே தேறினாள். கோட்டுக்காரர் காலத்தில் இருந்தது ஒரே தேர்வு, அதிலும் அவர் மூன்றாவது முறைதான் கரையேறினார். ஆனால் தேர்வு மட்டும் போதாது. தேறிய ஐந்து வருடத்துக்குள் மூன்று வாடிக்கையாளர்கள் 'இவரே என் ஆலோசகர்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐந்து தேர்வையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும். பல் டாக்டரம்மா ஒருவர் போட்டார். தையல்கடை வைத்திருக்கும் அக்கா ஒருத்தி போட்டாள். மூன்றாவது கையெழுத்துதான் கண்ணாமூச்சி காட்டியது.

ஆட்கள் வராமல் இல்லை. வந்தார்கள், கேட்டார்கள், தலையாட்டினார்கள். "ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. சார் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு கையெழுத்துப் போட்டுடறேன்" என்று எழுந்து போனார்கள். ஒருவர் உட்கார்ந்ததும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் பதினாறு வருடமாகக் கட்டிவரும் காப்பீடு அவருக்கு உதவாது என்பதையும் சொன்னாள். தண்ணீரை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

ஐந்தாவது வருடம் முடிய நான்கு மாதம் இருந்தபோது அப்பா ஓய்வு பெற்றார். குடிநீர் நிலையத்தில் பம்ப் மேற்பார்வையாளராக முப்பத்தாறு வருட வேலை. மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி, பொறுமையாக விளக்கினாள். அவருடைய கையெழுத்து கிடைத்தால் மூன்றாகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"பார்க்கலாம்" என்றார் அப்பா.

அவருடைய அகராதியில் அதற்கு 'முடியாது' என்று பொருள். அந்தச் சொல்லை அவளுடைய தம்பியிடம் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. தம்பி முதலில் மீன் தொட்டிக் கடை வைத்தான், மீன்களும் கடையும் ஒரே வாரத்தில் போயின. அப்புறம் உடற்பயிற்சிக் கூடம். இப்போது டைல்ஸ் கடை. மூன்றுக்கும் அப்பா, "ஆம்பளப் பிள்ளை, நாலு அடி பட்டாத்தான் தொழில் தெரியும்" என்று பணம் கொடுத்திருந்தார். அடி என்னவோ பணத்துக்குத்தான் பட்டது.

இரண்டு வாரம் கழித்து உள்ரூம் மேசைக்கு நானூற்றுப் பதினேழாம் எண் கோப்பு வந்தது. பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் போட்டுத்தான் கோப்பைப் பின்னால் அனுப்புவார்கள். வயது அறுபது. பம்ப் மேற்பார்வையாளர், ஓய்வு. ஒரு மகன், டைல்ஸ் கடை. ஒரு மகள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தில் கோட்டுக்காரர் தன் கையால் குறிப்பு எழுதியிருந்தார்: "மகள் நம் அலுவலகத்திலேயே டைப் அடிக்கும் வேலையில் இருக்கிறாராம். அவருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். 'அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம்' என்றார்."

டைப் அடிக்கும் பெண்கள் மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொண்டு, கோட்டுக்காரர் கோப்பை நேராக அந்த மகளிடமே அனுப்பிவிட்டார்.

அவளுக்கு அந்த 'பாவம்' என்ற சொல்தான் தாங்கவில்லை. நம்பிக்கை இல்லை என்றால் சண்டை போடலாம். பரிதாபப்படுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? கொஞ்ச நேரம் அழுதாள். ஜன்னல் இல்லாத அறையில் அந்த ஒரு வசதி உண்டு.

எண் போட்டு வரும் கோப்பு தெரிந்தவருடையது என்றால், அவரே கையெழுத்துப் போட்டு அனுமதிக்காதவரை எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. திருப்பினால், எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்து வைத்திருக்கும் திட்டத்தில் அவரைச் சேர்த்துவிடுவார்கள். அறுபது வயதுக்காரர் பணத்தைப் பதினைந்து வருடத்துக்குப் பூட்டி வைத்துவிடுவார்கள். விதியை மீறியது தெரிந்தால் தேறிய ஐந்து தேர்வும் பாழ். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள். நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் எழுதியவற்றில் அதைப் போல ஒன்று அமைந்ததில்லை.

திட்டத்தை விளக்க அப்பாவை மதியம் ஒரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் கோட்டுக்காரர். பின்பக்கத்துப் பெண்கள் மாடியில் சாப்பிடும் நேரம் என்று அப்பாவே கேட்டு வாங்கிய மணி அது. மகள் வேலை மிச்சம் இருக்கிறதென்று மேசையிலேயே சாப்பிடுபவள் என்பது அவருக்குத் தெரியாது. கதவு இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். அப்பா விசேஷத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் யார் பேசினாலும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்லுபவர், இங்கே கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

பத்து நிமிடத்தில் கோட்டுக்காரர் வேர்க்க வேர்க்கப் பின்னறைக்கு வந்தார்.

"மேடம், இந்தாளு கேள்வி கேக்கிறார். பையன் கடைக்கு ஏன் கொடுக்கக் கூடாதுங்கிறார்."

"கொடுக்கட்டும் சார். ஆனா திரும்பி வராதுன்னு நினைச்சுக் கொடுக்கச் சொல்லுங்க. வராட்டியும் நிம்மதியா தூங்கற அளவுக்கு மட்டும். அது பத்துல ஒரு பங்கு. ஏழாம் பக்கத்துல இருக்கு."

அவர் போனார். சற்று நேரத்தில் அவளுடைய வாக்கியம் கனமான குரலில் கேட்டது. அப்பா மெதுவாகத் தலையாட்டினார். அதே வாக்கியத்தைப் போன மாதம் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, "தம்பி மேல உனக்குப் பொறாமை" என்றவர்.

கோட்டுக்காரர் மறுபடி வந்தார். "பொண்ணுக்குன்னு எதுவும் எழுதலையேன்னு கேக்கிறார். பத்துல ரெண்டு பங்கு அவளுக்குன்னு மனசுல வெச்சிருந்தாராம். வேலை எத்தனை நாளைக்கு நிலைக்குமோன்னு கவலைப்படறார்."

அவளுக்கு இது புதுச் செய்தி. பத்தில் இரண்டு பங்கு என்றால் சின்னதாக ஒரு வீட்டுக்கு முன்பணம். ஆசை இல்லாமல் இல்லை, முப்பத்து நான்கு வயதில் சொந்தமாக ஒரு கதவும் சாவியும் யாருக்குத்தான் வேண்டாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான்கு நாள் அந்தக் கணக்கோடு கிடந்தவள் அவள். எங்கே ஓட்டை என்று அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம் சார். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறவர், மருத்துவத்துக்குன்னு தனியா ஒண்ணுமே வெச்சுக்கல. அந்த ரெண்டு பங்கை அதுக்கு ஒதுக்கச் சொல்லுங்க. நினைச்ச உடனே எடுக்கிற மாதிரி இடத்துல இருக்கணும்."

"அப்போ பொண்ணுக்கு?"

"பொண்ணு சம்பாதிக்கிறா."

கோட்டுக்காரர் இரண்டடி நடந்துவிட்டு நின்றார். படிவத்தைப் புரட்டினார். "மாத்திரை சாப்பிடறார்னு இதுல இல்லையே மேடம்? நோய் ஏதாவது இருக்கான்னு கேட்டதுக்கு 'இல்லை'ன்னுல்ல போட்டிருக்கார்."

அவர் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் ஒரே மூக்கு. அவர் அப்படியே காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"டைப் அடிக்கிற பொண்ணுன்னு சொன்னாரே மேடம்..."

"டைப்பும் அடிக்கிறேன் சார்."

"நான் இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னீங்கன்னா மொத்தப் பணமும் நாளைக்கே டைல்ஸா மாறிடும். மாத்திரை விஷயமும் எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. குளியலறை அலமாரியில ஒளிச்சு வெச்சிருக்கார். வயசானா செலவு வரும்னு மட்டும் சொல்லுங்க."

அவர் எழுந்து போனார். மூன்றாம் முறை வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டார். முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை அவருக்கு. "பொண்ணு கோவிச்சுக்க மாட்டாளான்னு கேக்கிறார்."

"மாட்டாள்னு சொல்லுங்க."

"எதை வெச்சுன்னு கேட்டா?"

"அனுபவத்துல சொல்றேன்னு சொல்லுங்க சார்."

அதற்குப் பிறகு கோட்டுக்காரர் திரும்பி வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினைந்து நிமிடம் தானாகவே பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா திட்டத்தை விரித்து வைத்துக் காத்திருந்தார். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு பக்கம் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினார்.

"எழுத்துன்னா இது எழுத்து. எனக்கே புரியுதுன்னா பாத்துக்கோயேன். நீயும் அங்கதான் இருக்கே, இந்த மாதிரி நாலு வரி எழுதக் கத்துக்கக் கூடாதா?"

"கத்துக்கறேம்பா."

"உன் பங்குல கை வெச்சுட்டார், அதான் எனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருத்துவத்துக்கு ஒதுக்கணுமாம். ஆனா கடைசியில ஒண்ணு சொன்னார். அந்தப் பணத்தை மட்டும் உங்க பொண்ணே பாத்துக்கட்டும், அவங்களை ஆலோசகரா போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, பரீட்சையெல்லாம் எழுதியிருக்காங்களாமேன்னார். அவர் சொன்ன எல்லாத்துக்கும் மனசு வந்துச்சு, இதுக்கு மட்டும் அரை மனசுதான். ஆனா பெரிய மனுஷன் சொல்லிட்டார்."

அந்தக் கடைசி யோசனையை அவள் எழுதிக் கொடுக்கவில்லை. கோட்டுக்காரர் சொந்தமாகச் சொன்ன ஆலோசனை அந்த அலுவலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். நாலரை வருடம் பைக்குள்ளேயே கிடந்து மடிப்பில் நைந்து போயிருந்தது.

"என்ன, தயாரா வெச்சிருக்கே?" என்ற அப்பா, ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார்: "சரி, போனாலும் உனக்குன்னு வெச்சிருந்ததுதானே போகும்."

மூன்று கையெழுத்தும் சேர்ந்தன. மேனேஜர் நான்காவது கண்ணாடி அறையை அவளுக்குக் கொடுத்தார். அதில் இருந்தவர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். கதவில் அவள் பெயர் வந்தது. அலுவலகம் மட்டும் "முன்னால இருக்கிற உள்ரூம்" என்றது. பின்னறையில் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். உள்ரூம் செய்த முதல் வேலை, அந்தப் பெண் எழுதும் ஒவ்வொரு திட்டத்தின் கடைசிப் பக்கத்திலும் எழுதியவர் பெயரைப் போட வைத்தது. மற்ற இரண்டு கோட்டுகளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன, கோட்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு அறிக்கைகள் வரும். ஒன்று கோட்டுக்காரர் பார்க்கும் பெரிய தொகை, இன்னொன்று மகள் பார்க்கும் மருத்துவப் பணம். நினைத்த உடனே எடுக்கும்படி வைத்த பணம் பெரிதாக வளராது. அது வளருவதற்காக வைத்ததும் இல்லை. அப்பா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

"அவர் கையில எப்படி வளருது பாரு. உன்னுது போட்ட இடத்துலேயே உட்கார்ந்திருக்கு. பரவாயில்ல, போகப் போகக் கத்துக்குவே."

இரண்டு அறிக்கைக்கும் சொந்தக்காரி எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். வயிறெரியும் அவளுக்கு. உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாய் துடித்தது. ஆனால் டைல்ஸ் கடை இன்னும் திறந்துதான் இருந்தது.

இரண்டாவது வருடம், ஒரு காலையில் அப்பா குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மருத்துவமனையில் அன்றைக்கே அறுவை சிகிச்சை என்றார்கள், பணம் முதலில் கட்ட வேண்டும் என்றார்கள். தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் அரைமணி நேரத்தில் கட்டினாள்.

எட்டாம் நாள் கோட்டுக்காரர் பழங்களோடு பார்க்க வந்தார். வார்டிலும் கோட்டுதான். அப்பாவுக்கு அவரைப் பார்த்ததும் தெம்பு வந்துவிட்டது, தலையணையில் சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார முயன்றார்.

"உங்களாலதான் சார் உயிரோட இருக்கேன். அன்னிக்கு நீங்க மருத்துவத்துக்கு ஒதுக்குன்னு சொல்லலேன்னா, இன்னிக்கு யார்கிட்டப் போய் நிப்பேன்? நல்ல வேளை, உங்க பேச்சைக் கேட்டேன்."

கோட்டுக்காரர் பழப்பையை மேசையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

"ஐயா, இனிமே என்னால முடியாது, சொல்லிடறேன். அந்தத் திட்டத்தை நான் எழுதல. முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் உங்க பொண்ணு எழுதினது. நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதும் அவங்கதான், பின்னாடி ரூம்ல இருந்து. தனக்கு வரவேண்டிய பங்கை வேண்டாம்னு சொல்லி உங்க மருந்துக்கு மாத்தினதும் அவங்கதான். நான் போய்ப் போய்க் கேட்டுட்டு வந்து ஒப்பிச்சேன், அவ்வளவுதான்."

உள்ரூம் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும், தம்பி வெளியே வராந்தாவில்தான் நின்றிருந்தான். ஆனால் பதிமூன்று வருடம் யாராவது ஒருவர் வாயால் கேட்க மாட்டோமா என்று ஏங்கிய வார்த்தைகள் அவை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கண் கலங்கி, கன்னத்தில் வழிந்தது. ஊசி குத்தியிருந்த கையைச் சிரமப்பட்டு நீட்டி, கோட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய மனசு சார் உங்களுக்கு! என் பொண்ணு சந்தோஷப்படட்டும்னு உங்க உழைப்பையே தூக்கி அவளுக்குக் கொடுக்கறீங்களே. யார் சார் இந்தக் காலத்துல இப்படிச் செய்வாங்க?"

"இல்லைங்கய்யா, நிஜமாவே..."

"போதும் சார், எனக்குப் புரியுது." அப்பா மகளிடம் திரும்பினார். "பாத்தியாம்மா? அடக்கம்னா இதுதான். தொழிலை மட்டும் கத்துக்கிட்டாப் போதாது, இவர்கிட்டேருந்து இதையும் கத்துக்கோ."

கோட்டுக்காரர் திக்கற்றுப் போய் அவளைப் பார்த்தார். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டில் அழுகைதான் அதிகம்.

"சரிப்பா, கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே பணம் கட்டப் போனாள்.